ஏழு பேர் பயணிக்கும் கப்பல்

கையளவு ரெசின் வார்ப்பு ஒன்றை மேசை விளக்கின் முன்னால் பிடித்துக் காட்டினார் அந்த அம்மையார். மூன்று மில்லிமீட்டர் தடிமன், பால் வெள்ளை நிறம். தட்டிப் பார்த்தால் கெட்டியான சத்தம். ஆனால் விளக்கின் முன்னால் வந்ததும், வார்ப்புக்குப் பின்னால் இருந்த அவருடைய விரல்களின் நிழல் இந்தப் பக்கம் தெரிந்தது. “இதற்குள் பல்பு வைத்தால் ஜன்னலோடு சேர்ந்து சுவரும் எரியும். வெளிச்சம் போடுவது சின்ன வேலை. அதை அடைப்பதுதான் பெரிய வேலை” என்றார்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், வாஷிங்டன் நகரத்தை ஒட்டிய புறநகர் ஒன்றில், வீட்டோடு சேர்ந்த கார் ஷெட்தான் பட்டறை. அம்மையாரும் அவருடைய கணவரும் மட்டுமே வேலையாட்கள். கணவர் ரெசின் வார்க்கிறார், தேய்க்கிறார், பொருத்துகிறார். அம்மையார் மின்னணுத் தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளுக்கு சால்டரிங் வைத்துக் கை பழகியவர்; விளக்கு வேலை முழுவதும் அவர் பொறுப்பு. விண்கல மாதிரிகளைக் கட்டும் கிட்டுகளை ஆசையாக வாங்கிவிட்டுத் தாங்களே கட்டி முடிக்க இயலாதவர்கள், பெட்டியை இவர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். நான் போனபோது மேசையில் கிடந்தது ‘ஏலியன்’ படத்தில் வரும் நாஸ்ட்ரோமோ. 1979இல் வெளியான அந்தப் படத்தில், பிரம்மாண்டமான சுத்திகரிப்பு ஆலையை விண்வெளியில் இழுத்துக்கொண்டு வருகிற இழுவைக் கப்பல் அது.

கப்பலின் நீளம் சுமார் 244 மீட்டர் என்பது ரசிகர்கள் கணக்கு. 350இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 70 சென்டிமீட்டர் வரும். அந்த அளவில் ஓர் ஆள் ஐந்து மில்லிமீட்டர் உயரம்தான். எனக்கு எல்லாவற்றையும் புரியவைத்தது இந்த ஐந்து மில்லிமீட்டர்தான். ஜன்னலுக்குப் போடும் துளை அரை மில்லிமீட்டர் பெரிதாகிவிட்டால் போதும், அங்கே நிற்கும் கற்பனை மனிதனுக்கு அது பதினேழு சென்டிமீட்டர் பிழை. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. கப்பல் பொம்மையாகிவிட்டது என்பது மட்டும் தெரிந்துவிடும்.

வார்ப்பு வேலையைக் கணவர் செய்து காட்டினார். சேதமான ஒரு பாகத்துக்கு மாற்று வார்க்க வேண்டியிருந்தது. சிலிகான் ரப்பர் அச்சு தயாராக இருந்தது. இரண்டு குப்பிகளில் இரண்டு திரவங்கள். சம அளவில் அளந்து கலக்கினார். கலந்த கணத்திலிருந்து இரண்டு மூன்று நிமிடம்தான் அவகாசம். பேச்சை அப்படியே நிறுத்திவிட்டு மெல்லிய ஒழுக்காக அச்சின் ஒரே மூலையில் ஊற்றினார். பல இடங்களில் ஊற்றினால் காற்று நடுவில் சிக்கிக்கொள்ளுமாம். பிறகு அச்சை, பெரிய பிரஷர் குக்கர் போலிருந்த ஒரு பாத்திரத்துக்குள் வைத்து மூடிக் காற்றை ஏற்றினார். அழுத்தத்தில் குமிழிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சுருங்கிவிடும். அந்த நிலையிலேயே ரெசின் இறுகிவிடும். ஈரப்பதம்தான் இந்தத் திரவத்துக்கு எதிரி. குப்பி திறந்தே கிடந்து ஈரக்காற்றை இழுத்துவிட்டால், அடுத்த வார்ப்பு நுரைத்துப் பொங்கிவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் துடைத்து இறுக்கி மூடுகிறார்.

வந்து சேர்ந்த பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவுகிறார்கள். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகத் தடவிய எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயிண்ட் தோலாக உரிந்து வரும். வளைந்து போன பாகங்களுக்கு வெந்நீர் வைத்தியம்: சூட்டில் இளகியதும் நிமிர்த்தி, சமமான கண்ணாடிமேல் அழுத்திப் பிடித்துக் குளிரவிட வேண்டும். தேய்ப்பதெல்லாம் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால்தான். ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது என்பதால் முகமூடி இல்லாமல் உப்புத்தாளைத் தொடுவதில்லை. இந்த ஒழுங்கில் அவர்கள் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதது எனக்கு மிகவும் பிடித்தது. பொழுதுபோக்கு என்று இதைத் தொடங்கிக் காற்றோட்டமில்லாத அறையில் தூளைச் சுவாசிக்கும் எத்தனையோ பேர் இதைப் பார்க்க வேண்டும்.

பிளாஸ்டிக் கிட்டுக்கான பசை ரெசினில் ஒட்டாது. நாம் ஃபெவிக்விக் என்று சொல்லும் வகைப் பசையோ எபாக்ஸியோதான் வேண்டும். கனமான பாகங்களுக்கு அதுவும் போதாது. இரு பக்கமும் துளையிட்டு நடுவில் பித்தளைக் கம்பி செருகுகிறார்கள். அந்தக் கம்பிகளுக்குப் பக்கத்திலேயே மின்கம்பி போகும் வழியையும் குடைந்துவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு விளக்கு வைக்கலாம் என்று நினைத்தால் வழியே இருக்காது. ஆகவே முதல் நாளிலிருந்தே இருவரும் சேர்ந்துதான் திட்டம் போடுகிறார்கள்.

அம்மையாரின் மேசைக்கு வருவோம். கலத்தின் உட்புறம் முழுவதும் முதலில் கறுப்பு பெயிண்ட், காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அதன்மேல் வெள்ளை. கறுப்பு ஒளியை அடைக்கிறது. வெள்ளை, அடைபட்ட ஒளியைத் திருப்பி ஜன்னல் பக்கம் அனுப்புகிறது. பாகங்கள் சேரும் இடுக்குகளில் அலுமினிய நாடா. பிறகு ஷெட்டின் விளக்குகளை அணைத்துவிட்டு, உள்ளே ஓர் எல்இடியை எரியவிட்டுக் கலத்தை மெதுவாகச் சுற்றிப் பார்க்கிறார். கசிவு தெரிந்த இடத்தில் பென்சிலால் வட்டம். அன்று எஞ்சின் பகுதியின் அடியில் தலைமுடி அகலத்துக்கு ஒரு கோடு ஒளிர்ந்தது. மறுபடி கறுப்பு, மறுபடி காயவிடுதல், மறுபடி இருட்டு.

ஜன்னல்களுக்கு ஒளியிழை. கால் மில்லிமீட்டர், அரை மில்லிமீட்டர் என்று பல தடிமன்களில் பிளாஸ்டிக் இழைகள். விரல்களால் உருட்டித் துளையிடும் கைப்பிடியில் முடி போன்ற ஊசியை மாட்டித் துளை போடுகிறார். இழையை உள்ளிருந்து செருகி வெளியே ஓர் அங்குலம் நீட்டி விடுகிறார். இங்கே ஃபெவிக்விக் வகைப் பசை கூடவே கூடாது; இழை நொறுங்கிப்போகும். மெதுவாகக் காயும் வெள்ளைப் பசைதான். இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும்போதே வெளிப்புறம் பெயிண்ட் அடித்து முடித்து, கடைசியில் பிளேடால் சுவரோடு சுவராக நறுக்குகிறார். நறுக்கிய முனையில் பெயிண்ட் இல்லை. ஒளி வருவது அங்கிருந்துதான்.

மின்கணக்கை ஒரு காகிதத் துண்டில் போட்டுக் காட்டினார். வெள்ளை எல்இடி ஒன்றுக்கு ஏறக்குறைய 3.2 வோல்ட். மூன்றை வரிசையாகக் கோத்தால் 9.6. அடாப்டர் தருவது 12. மீதி 2.4 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்க வேண்டும். 20 மில்லி ஆம்பியர் என்றால் 120 ஓம் போதும். அவர் 150 போடுகிறார். வெளிச்சம் கொஞ்சம் குறையும், எல்இடி சூடாகாது, நீண்ட காலம் உழைக்கும். ஒவ்வொரு கம்பியிலும் சிறு சீட்டு ஒட்டி எது எங்கே போகிறது என்று எழுதுகிறார். கலத்தின் அடியில் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் மூடி ஒன்றும் உண்டு, பின்னால் யாராவது திறந்து பழுதுபார்ப்பதற்காக.

இந்த முன்யோசனையின் அருமை, வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் விண்வெளி அருங்காட்சியகத்தில் ‘ஸ்டார் டிரெக்’ தொடருக்காக 1964இல் செய்த எண்டர்பிரைஸ் மாதிரியைப் பார்த்தபோது இன்னும் விளங்கியது. மூன்று மீட்டருக்கும் அதிக நீளம், பெரும்பாலும் மரம். மின்கம்பிகள் இடது பக்கமாக உள்ளே போவதால் அந்தப் பக்கத்தை முழுமையாக முடிக்கவே இல்லை. படப்பிடிப்பு வலது பக்கம்தான். எஞ்சின் முனைகளில் சுழலும் தகடுகளும் மினுக்கும் கிறிஸ்துமஸ் விளக்குகளும் இருந்தன. 1974இல் அருங்காட்சியகத்துக்கு வந்த பிறகு பலமுறை பழுது பார்த்து, 2016இல் முழுச் சீரமைப்போடு எல்இடி விளக்குகளுடன் மீண்டும் காட்சிக்கு வைத்தார்கள். வட்டத் தட்டின் மேற்பரப்பில் மட்டும் அறுபதுகளின் பெயிண்ட் அப்படியே இருக்கிறது.

நாஸ்ட்ரோமோவின் மூல மாதிரியும் கைவேலைதான். இங்கிலாந்தின் பிரே ஸ்டூடியோவில், கடையில் விற்கும் கிட்டுகளின் உதிரிகளை நூற்றுக்கணக்கில் ஒட்டி உருவாக்கினார்கள். முதலில் மஞ்சள் பூசியிருந்தார்கள். இயக்குநர் ரிட்லி ஸ்காட் சொன்னபிறகு சாம்பல் நிறமானது. முடித்த வேலையை அழித்து மீண்டும் பூசியவர்களின் மனநிலையை இந்த ஷெட்டில் நின்றபோது என்னால் ஊகிக்க முடிந்தது.

பட்டறையில் அன்று ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. கிட்டின் சொந்தக்காரர் எல்லா ஜன்னலும் எரிய வேண்டும் என்கிறார். அம்மையார் மறுக்கிறார். படத்தில் அந்தக் கப்பலில் இருப்பவர்கள் ஏழே பேர். கதை தொடங்கும்போது அந்த ஏழு பேரும் உறக்கத்தில் இருக்கிறார்கள். ஆளில்லாத தளங்களில் யார் விளக்குப் போட்டார்கள் என்பது அவர் கேள்வி. மேல்தளத்தில் சில, எஞ்சின் பக்கம் சில, அவ்வளவுதான் அவருடைய திட்டம். அவர் சொல்வதே சரி என்று எனக்கு உறுதியாகப் பட்டது. எரியாத ஜன்னல்கள்தான் எரிகிற ஜன்னலுக்குத் தூரத்தைத் தருகின்றன. எல்லாம் எரிந்தால் கல்யாண மண்டபமாகிவிடும்.

இரண்டு விதமாகவும் எரியவிட்டுப் படம் எடுத்துச் சொந்தக்காரருக்கு அனுப்பியிருந்தார்கள். நான் கிளம்பும் முன் பதில் வந்தது: முன்பக்கத்தில் இன்னும் ஆறு ஜன்னலாவது வேண்டும் என்று. கணவர் “நாலு கொடுத்துப் பார்க்கலாம்” என்றார். அம்மையார் பதில் சொல்லாமல் எந்த நான்கு என்று தேட ஆரம்பித்திருந்தார்.