லயம் இழந்த பாலோ

பாலோவே! குளுவாங்குக்கு வடக்கே, இருப்புப்பாதை ஓரத்துச் சிற்றூரே! நின்னைச் சூழ்ந்த கித்தா என்னும் இரப்பர்க் காடு எங்கே? வைகறையில் பால்வாளி ஏந்திப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு விரைந்தோர் எங்கே? செம்பனை ஓங்கி நிற்கிறது; அதன் நிழலில் நின்று தமிழில் வைய ஒருவரும் இல்லையே!

1909இல் ஜொகூரின் குறுக்கே இருப்புப்பாதை முற்றுப்பெற்றது. காடு அழிந்தது, தோட்டம் எழுந்தது. கங்காணியின் பின்னே கடல் கடந்தோரை எதிர்கொண்டது மனையன்று, லயம்: நெடிய ஒரே கூரை, அதன்கீழ் எண்ணிட்ட கதவுகள். வேலைக்கு வாராதவன் எவனென்று மேற்பார்க்கும் தண்டல் ஒரே நடையில் அறிய வகுத்த வரிசை அது. துரையின் பங்களா மேட்டில், கணக்கெழுதும் கிராணி வீடு இடையில், லயம் தாழ்வில். அவரவர் நிலையை நிலமே உரைத்தது. அதனை இல்லமென்று புகழ நா எழவில்லை. அதற்காக அழாதிருக்கவும் நெஞ்சு ஒப்பவில்லை.

வகுத்தவன் எண்ணாதது ஒன்று அங்கே நிகழ்ந்தது. கூரையை எட்டாத தடுப்புப் பலகைக்கு மேலே ஒருத்தியின் தாலாட்டு அயல்வீட்டு மகவையும் உறக்கிற்று. (ஒருவன் குடித்துவிட்டு அடித்த கூத்தும் அவ்வழியே வந்தது, மறைப்பானேன்?) வீட்டு முன்நடையான அஞ்சடியில் வழக்குத் தீர்ந்தது, குழாயடியில் பூசல் மூண்டது, மணமும் பேசப்பட்டது. கடைக்கோடியில் மாரியம்மனும் காட்டோரத்தில் முனியாண்டியும் எல்லை காத்தனர். அவருள் எவர் பெயருக்கும் எழுதித் தரப்படாத மண்ணில் ஓர் ஊர் முளைத்தது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தே சயாம் இரயில்பாதைக்கு ஆடவரைச் சப்பானியர் கொண்டுபோயினர். மலாயாத் தோட்டங்களில் திரும்பாதோர் வீடுகள் எத்தனை! அதற்கும் லயம் கலையவில்லை. கலைத்தது ஒரு பழைய விதி: வேலை உள்ளவரையே வீடு. கித்தா வீழ்ந்து செம்பனை எழுந்த காலத்தே அவ்விதி முதியோரையும் வாயில் கடத்திற்று.

பறம்பை இழந்த பாரி மகளிர்க்கு அது தம் தந்தை குன்று என்னும் உரிமையேனும் இருந்தது. இவர் இழந்ததோ பிறன் பொருள். அரற்றுதற்கும் உரிமைச்சீட்டு இல்லை.

லயத்தில் பிறந்து, பிறப்புப் பதிவின்றி, இன்றும் குடியுரிமைக்கு அலைவோர் மலேசியாவில் உளர். பிறந்த இடத்துக்குச் சான்று எங்கே என்கிறது அலுவலகம். மருத்துவம் பார்த்த கிழவி மாண்டாள். அண்டை வீட்டார் திசைக்கொருவராயினர். பாலோவே, செம்பனை வரிசையுள் எந்த மரத்தடியை அவர் காட்டுவது?