காத்திருக்கும் வெந்நீர்

காலை ஆறு மணி. பெங்களூர் ஜெயநகரில் தன் வீட்டு வாசலில், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மின் மீட்டரை உற்றுப் பார்க்கிறார் அந்த 71 வயது மனிதர். ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் 35 வருடம் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மீட்டரில் உள்ள எண்ணைப் பழைய டயரி ஒன்றில் குறித்த பிறகுதான் அவருக்குக் காபி இறங்கும்.

அந்த டயரி பல வருடங்களாக அவருடைய பெருமைக்குச் சாட்சி. வீட்டில் எல்லாம் எல்.இ.டி. விளக்குகள். குளிப்பதற்கு மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர். பெங்களூரில் இது அதிசயமல்ல; குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட புதிய வீடுகளுக்கு 2007-லேயே அது கட்டாயமாகிவிட்டது. அவருடைய வீட்டில் மாதம் 155 யூனிட் செலவானால் அதிகம். 2023 ஜூலையில் கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டம் வந்தபோது அவரது பில் பூஜ்யமாகிவிட்டது. கிடைத்த சலுகையை விட, கணக்காகச் செலவு செய்ததற்குக் கிடைத்த பரிசாகவே அவர் அதை நினைத்தார். விருந்தாளிகளிடம் அந்தப் பூஜ்ய பில்லை எடுத்துக் காட்டுவார்.

போன நவம்பரில் மொட்டை மாடிக்கு ஹாட் டப் வந்தது. அத்துடன் பூஜ்யம் போயிற்று.

காரணம் அவருடைய மனைவியின் முழங்கால். 66 வயது. பள்ளி ஆசிரியையாக முப்பது வருடம் நின்றே பாடம் நடத்தியவர். இப்போது தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது. மாடிப்படி ஏறினால் ஒவ்வொரு படியிலும் ஒரு "அம்மா". சியாட்டிலில் இருக்கும் மகள் வீட்டில் நான்கு மாதம் தங்கியிருந்தபோது, கொல்லையில் இருந்த வெந்நீர்த் தொட்டியில் தினமும் மாலை இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார். கழுத்துவரை வெந்நீர், அடியிலிருந்து பீறிடும் நீர்த்தாரைகள். "இரண்டு வாரத்துல கைப்பிடியைத் தொடாமல் படி இறங்கினேன்" என்கிறார் அந்த அம்மாள், இன்னும் நம்ப முடியாதவராக. பெற்றோரின் 45-வது திருமண நாளுக்கு மகள் அதே போன்ற ஒன்றை வாங்கி அனுப்பிவிட்டாள். அப்பாவைக் கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள் என்று இதைச் சொல்வதுண்டு. ஆனால் இது பிறந்த கதையே மூட்டு வலிக் கதைதான். இத்தாலியிலிருந்து கலிஃபோர்னியாவில் குடியேறி பம்ப் தயாரித்துவந்த ஜகுஸி குடும்பத்தில் ஒரு சிறுவனுக்கு மூட்டு வாதம். மருத்துவமனையில் கிடைத்த நீர் சிகிச்சையை அவனுக்கு வீட்டிலேயே கொடுப்பதற்காக, குளியல் தொட்டியில் இறக்கிவைக்கும் பம்ப் ஒன்றை அந்தக் குடும்பம் உருவாக்கியது. அந்த பம்ப் 1956-ல் விற்பனைக்கு வந்தது. 1968-ல் பம்ப்பும் தொட்டியும் ஒன்றாகவே வந்தன. ஆடம்பரம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது.

ஜெயநகர் வீட்டுக்கு வந்த தொட்டி ஆயிரம் லிட்டர் பிடிக்கும். மூன்று கிலோவாட் ஹீட்டர். அதற்காக வீட்டின் அனுமதிக்கப்பட்ட மின் சுமையை மூன்று கிலோவாட்டிலிருந்து ஆறாக உயர்த்த வேண்டியிருந்தது. நிலைக் கட்டணமும் கூடவே ஏறியது. முதல் நாள் தண்ணீர் நிரப்பி ஸ்விட்சைப் போட்டபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஆயிரம் லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.16 யூனிட் வேண்டும். 24 டிகிரியிலிருந்து 38-க்குக் கொண்டுபோக 16 யூனிட்டுக்கு மேல். அவர் போட்ட கணக்குப்படி ஐந்தரை மணி நேரம் ஆகும், அப்படியே ஆயிற்று. அந்த மின்சாரத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட வாளி வெந்நீர் போட்டிருக்கலாம் என்று டயரியின் ஓரத்தில் எழுதிவைத்தார்.

முதல் மாதம் வீட்டில் சந்தோஷம். சாயங்காலம் ஆறரைக்கு அந்த அம்மாள் துண்டுடன் மேலே போவார். ஏழு மணிக்கு இறங்கி வரும்போது முகத்தில் ஒரு களை. பிறகு பில் வந்தது. 480 யூனிட். இருநூறு யூனிட்டைத் தாண்டினால் கிருஹ ஜோதி கிடையாது. தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, மொத்தத்துக்கும் கட்டியாக வேண்டும். யூனிட் சுமார் ஆறு ரூபாய், வரி, நிலைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து நாலாயிரத்துச் சொச்சம்.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். பில்லை மடித்துச் சாப்பாட்டு மேஜையில் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வைத்தார். ரசம் விட்டுக்கொள்ளும்போது, "பூஜ்யத்திலேர்ந்து நாலாயிரம்" என்றார். மோர் விட்டுக்கொள்ளும்போது இன்னொரு முறை சொன்னார். அந்த அம்மாள் பதில் சொல்லவில்லை.

நான்கைந்து நாள் கழித்து, "இப்ப கால் எவ்வளவோ தேவலைங்க. தினமும் வேண்டியதில்லை" என்றார் அவர். கணவருக்கு அது நல்ல செய்தி. மகளிடம் ஃபோனில் பெருமையாகவே சொன்னார்.

ஆனால் டயரி வேறு ஏதோ சொன்னது. தினமும் தொட்டிக்கு மட்டும் பதினொரு யூனிட் போய்க்கொண்டிருந்தது. மனைவி குளிப்பதைக் குறைத்துவிட்டார் என்றால் அது பாதியாக அல்லவா குறைய வேண்டும்? ஒன்பதரை. மறுநாளும் ஒன்பதரை. முதலில் மனைவி தனக்குத் தெரியாமல் மேலே போகிறாரோ என்று நினைத்தார். பிறகு மீட்டரைச் சந்தேகித்தார். பதினாறாவது நாள் மாலை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மொட்டை மாடிக்குப் போனார்.

கொடியில் அந்த நீலத் துண்டு. டிசம்பர் காற்றில் வெயில் பட்டு, மடமடவென்று காய்ந்து விறைத்துப்போயிருந்தது. அது நனைந்து பல நாட்களாகியிருக்க வேண்டும். தொட்டியின் மேல் விரித்திருந்த மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டின் ஓரங்களிலிருந்து ஆவி எழுந்து போய்க்கொண்டிருந்தது. கை வைத்துப் பார்த்தார். உள்ளே 38 டிகிரி. யாரும் இறங்காத தண்ணீர், கதகதவென்று காத்திருந்தது.

கீழே வந்து கேட்டார். சமையலறை மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றிருந்த மனைவி திரும்பாமலே சொன்னார்: "நான் இறங்கினாத்தானே கரண்ட் ஆகும்?"

அவர் கால் குணமாகவில்லை. பதினாறு நாளாகப் பழைய வலியோடுதான் நடமாடிக்கொண்டிருந்தார். கணவர் எதிரில் கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்கப் பழகியிருந்தார், அவ்வளவுதான்.

மனைவியின் பதில் கணவரைக் குத்தியதற்கு ஒரு காரணம், அது தப்பு. இன்னொரு காரணம், வெப்பவியலைத் தொழிலாகக் கொண்டிருந்தவர் தானும் மனதுக்குள் அப்படியே நம்பியிருந்தார். கீஸரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, வெந்நீர் என்றால் குளிக்கிற நேரத்தில் ஆகிற செலவு. ஹாட் டப் அப்படியல்ல. அதைக் கூப்பிட்ட நேரத்துக்குத் தயாராக வைத்திருப்பதே செலவு. 38 டிகிரித் தண்ணீரைச் சுற்றி 16, 17 டிகிரிக் குளிர் காற்று இரவு முழுவதும் வீசினால், சுவர் வழியாகவும் மேல் பரப்பு வழியாகவும் சூடு போய்க்கொண்டே இருக்கும். போவதை ஹீட்டர் ஈடுகட்டிக்கொண்டே இருக்கும். ஒருவர் இருபது நிமிடம் உட்காருவதாலும் அப்போது பம்ப் ஓடுவதாலும் கூடுவது ஒன்றரை யூனிட். அந்த அம்மாள் தன் வலியைக் கொடுத்து மிச்சம் பிடித்தது தினம் ஒன்றரை யூனிட். பத்து ரூபாய்.

அன்று இரவு டயரியில் புதிய பக்கம் திறந்தார். முதல் குற்றவாளி அந்த பிளாஸ்டிக் ஷீட். தொட்டியோடு கெட்டியான நுரை மூடி ஒன்று வந்திருந்தது. அதைத் தூக்க மனைவியால் முடியவில்லை. குடலிறக்க அறுவை செய்துகொண்டவருக்கு டாக்டர் தடை. ஆகவே அது சுவரில் சாய்ந்து கிடந்தது. திறந்த வெந்நீரிலிருந்து ஒரு லிட்டர் ஆவியாகப் போனால் அதோடு முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான சூடும் போகிறது. ஷீட் பாதி ஆவியைத்தான் தடுத்தது. சூட்டைத் தடுக்கவே இல்லை.

மறுநாள் தெருக்கோடி வெல்டிங் கடைக்காரரை அழைத்துவந்தார். மூடியின் பக்கவாட்டில் இரும்புக் குழாயில் ஒரு நெம்புகோல். ஒரு விரலால் தள்ளினால் மூடி மடிந்து நிற்கும். பள்ளிக்கூட ஊஞ்சல் மாதிரி இருக்கிறது என்றார் அந்த அம்மாள். மூடி போட்ட பிறகு, தொட்டி காத்திருப்பதற்கு மட்டும் ஆகும் செலவு ஐந்து யூனிட்டாக இறங்கியது.

இரண்டாவது, நாட்கள். பிசியோதெரபிஸ்டைக் கேட்டபோது, தினமும் அவசியமில்லை, வாரம் மூன்று நாள் விடாமல் செய்தால் போதும், 38 டிகிரிக்கு மேல் வேண்டாம் என்றார். அப்படியானால் மற்ற நாட்களில் எதற்குச் சூடு? அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து சூடாக்கினால் கூடுதலாகச் செலவாகும் என்று பலர் நினைக்கிறார்கள். கீஸரை அணைக்காமல் விடுகிறவர்களின் வாதமும் இதுதான். உண்மை நேர்மாறானது. தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறதோ அவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கும். ஆறவிட்டால் இழப்பும் குறையும். டைமர் ஒன்று வாங்கிப் பொருத்தினார். செவ்வாய், வியாழன், ஞாயிறு மாலைக்குள் மட்டும் 38 டிகிரி.

இந்தத் தொட்டிக்கு இன்னொரு கணக்கும் உண்டு, தண்ணீர்க் கணக்கு. 2024 கோடையில் பெங்களூர் லாரித் தண்ணீருக்காக அலைந்ததை மறக்காத வீடு அது. தொட்டித் தண்ணீரை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் மாற்றுகிறார்கள். மாற்றுகிற அன்று முதல் இருநூறு லிட்டர் சோலார் ஹீட்டரிலிருந்து இறங்குகிறது. அந்த அளவுக்குச் சூரியனின் உபயம்.

இவ்வளவு செய்தும் பூஜ்யம் திரும்பி வரவில்லை. வராது என்று அவருக்குத் தெரியும். தொட்டி இப்போது மாதம் சுமார் 130 யூனிட் எடுத்துக்கொள்கிறது. வீட்டுச் செலவோடு சேர்ந்தால் 285. பில் இரண்டாயிரத்து எண்ணூறு ரூபாய் அளவில் நிற்கிறது. தொட்டியையே விற்றுவிட்டால் பூஜ்யம் நிச்சயம். ஒரு நண்பர் அதைச் சொன்னபோது அவர் டயரியைக் காட்டினார். மாதம் 13 தடவை வெந்நீர். தடவைக்குப் பத்து யூனிட். "எழுபது ரூபாய்கூட இல்லை. அவளை ஆட்டோவில் ஏற்றி ஒரு தடவை சிகிச்சைக்குக் கூட்டிக்கொண்டு போய்வர முடியுமா இந்தக் காசுக்கு?" என்கிறார். நிலைக் கட்டணத்தை அவர் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. போன பூஜ்யத்தையும் சேர்ப்பதில்லை. பொறியாளர்களும் சில சமயம் கணக்கில் கண்ணை மூடிக்கொள்வதுண்டு.

விருந்தாளிகளுக்கு இப்போது பில் காட்டப்படுவதில்லை. காலை ஆறு மணிக்கு மீட்டர் பார்ப்பது மட்டும் நிற்கவில்லை. ஆனால் டயரியில் யூனிட்டுக்குப் பக்கத்தில் ஒரு புதிய பத்தி சேர்ந்திருக்கிறது. செவ்வாய், வியாழன், ஞாயிறுக்கு எதிரே ஒரு டிக். போன மாதம் ஒரு வியாழக்கிழமை டிக் விழவில்லை. சாரல் மழை, சோம்பலாக இருந்தது என்றார் மனைவி. அவர் எதுவும் சொல்லாமல் மொட்டை மாடிக்குப் போய், கொடியில் கிடந்த துண்டை எடுத்துவந்து அவரிடம் நீட்டினார்.

"சூடு பண்ணியாச்சு. வீணாகாமல் போய் உட்காரு."