யாம் பெற்ற பெருஞ்சீட்டு

சீட்டாட்டம் என்றவுடன் மூத்தோர் முகஞ்சுளிப்பர். யாம் ஈண்டுக் கூறப்புகுவது பணம் வைத்தாடும் சீட்டாட்டமன்று. 1996ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டில் தோன்றிய போக்கிமான் என்னும் சிறுவர் ஆட்டமாகும். எமது பள்ளிப் பருவத்தில் குரோம்பேட்டைத் தெருக்களில் இவ்வாட்டம் எம்மையெல்லாம் ஆட்கொண்டிருந்தது. சீட்டுகளில் விந்தை விலங்குகள் வரையப்பட்டிருக்கும். ஆடுவோர் தத்தமக்கெனத் தேர்ந்த 60 சீட்டுகளைக் கொண்டு பொருவர். வேண்டியவற்றைத் தம்முள் மாற்றிக்கொள்வதும் உண்டு.

அடுத்த வீட்டுச் சிறுவனுக்கு அவன் மாமனார் சிங்கப்பூரிலிருந்து பழஞ்சீட்டொன்று கொணர்ந்து தந்தார். அதில் இருந்தது சாரிசார்ட் என்னும் தீயுமிழ் பறவைநாகம். அதன் உயிரளவு 120. ஓரடியில் அது விளைக்கும் சேதம் 100. அதனைக் கண்ட நாள்முதல் எமக்கு உறக்கமில்லை. அவனுக்கு வயது பத்து, எமக்குப் பதின்மூன்று. எம்மிடமிருந்த சில்லறைச் சீட்டுகள் இருபதை விரித்துக் காட்டி, "ஒன்றுக்கு இருபது" என்றோம். எண்ணிக்கையில் மயங்கி அவன் உடன்பட்டான். அது நேர்மையான மாற்றன்று என்பதை யாம் அப்பொழுதே அறிவோம்.

அன்று மாலையே மொட்டைமாடியில் அவனோடு ஆட அமர்ந்தோம். சாரிசார்ட் நேரே களம்புக இயலாது. முதற்கண் சார்மாண்டர் என்னும் குட்டியை வைத்தல் வேண்டும், அதன்மேல் சார்மிலியன், அதன்மேலேயே நாகம். அன்றியும், அஃது ஒருமுறை அடிப்பதற்கு ஆற்றற்சீட்டுகள் நான்கு வேண்டும். முறைக்கு ஒன்றே சேர்க்கலாம். இவ்விதிகளை யாம் அறியாதவரல்லோம். ஆசை அறிவை மறைத்தது. அக்குட்டியும் அதற்கடுத்ததும் யாம் தள்ளிவிட்ட இருபதனுள் அன்றோ இருந்தன! பெருஞ்சீட்டைக் கையில் பிடித்தபடியே தோற்றோம்.

சிறுவன் சிறிது நேரம் எம் முகத்தையே நோக்கினான். பின்பு தன் கட்டிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்து நீட்டி, "அண்ணா, இவற்றை வைத்து ஆடுங்கள், அது சண்டையிடுவதை நானும் பார்க்க வேண்டும்" என்றான்.

மறு ஆட்டத்தில் நாகம் எழுந்தது. ஓரடியில் அவன் விலங்கு வீழ்ந்தது. ஆயினும், அடித்தபின் ஆற்றற்சீட்டு இரண்டைக் கழித்துவிடல் வேண்டும். மீண்டும் நான்கு நிறையுமுன் அவன் நீர்வாழ் விலங்கொன்றைக் கொணர்ந்தான். நீரின் அடி நாகத்திற்கு இருமடங்கு; ஈரடியில் வீழ்ந்தது. நாகம் அடித்தபோதும் வீழ்ந்தபோதும் அவன் ஒன்றுபோலவே கைகொட்டி மகிழ்ந்தான். எமக்கோ நாணம் மேலிட்டது.

அன்றிரவே சீட்டைத் திருப்பிக் கொடுத்தோம். "அப்படியானால் இருபதையும் நான் தர வேண்டுமா?" என்று கலங்கினான். வேண்டா என்றோம்.

எம் பாட்டியார் திண்ணையில் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலியாட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. ஆடுகள் இடைவெளியின்றிச் சூழ்ந்து நின்றால் புலிக்குப் போக்கிடமில்லை. அதனைப் பன்முறை கண்டிருந்தும் யாம் சிறியவற்றின் அருமையை உணர்ந்தது அம்மொட்டைமாடியிலேதான்.

இன்று தாம்பரத்தில் தமிழ் பயில்கின்றோம். காப்பியச் சுவையை நாடி எழுத்ததிகாரத்தை மூடிவைக்கும் இரவுகளில் அச்சிறுவன் நீட்டிய இரண்டு சீட்டுகளும் எம் கண்முன் வருகின்றன. மூடிய நூலை மீண்டும் திறக்கின்றோம்.