கரை சேராத கிறிஸ்துமஸ் மரங்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், டூ ரிவர்ஸ் என்ற சிற்றூரின் கரையில் நின்றால் மிச்சிகன் ஏரியின் மறுகரை தெரிவதில்லை. கேரளத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பரப்பு. உப்பு இல்லையே தவிர, சீற்றத்தில் கடலுக்குச் சளைத்ததல்ல. இங்கிருந்து சில மைல் தொலைவில், சுமார் 165 அடி ஆழத்தில் கிடக்கிறது 'ரவுஸ் சிம்மன்ஸ்'. மூன்று பாய்மரங்கள் கொண்ட மரக்கப்பல்.

1868-ல் மில்வாக்கியில் கட்டப்பட்டது. ரயிலும் நீராவிக் கப்பலும் சரக்குகளைப் பறித்துக்கொண்ட பிறகு, இத்தகைய கிழட்டுக் கப்பல்களுக்கு மிஞ்சியவை சில்லறைச் சுமைகள்தான். கேப்டன் ஹெர்மன் ஷூனமன் ஏற்றியது கிறிஸ்துமஸ் மரங்கள். ஏரியின் வடக்கே வெட்டிய மரங்களைச் சிகாகோவுக்குக் கொண்டுவந்து, கிளார்க் தெருப் பாலத்தருகே கப்பலை நிறுத்தி, தளத்திலேயே விற்பார். தரகர் இல்லாததால் விலை மலிவு. ஆனால் பண்டிகைக்கு முன் வந்து சேர்ந்தாக வேண்டும்; நவம்பரோ புயல் மாதம். அவருடைய அண்ணன் அகஸ்டும் 1898 நவம்பரில் இதே சுமையோடு மூழ்கியவர்தான்.

1912 நவம்பர் 22 அன்று தாம்ப்சன் துறைமுகத்திலிருந்து ஆயிரக்கணக்கான மரங்களோடு கப்பல் புறப்பட்டது. மறுநாள் பிற்பகல், கிவானி மீட்பு நிலையத்தார் கண்ணில் அது பட்டது. கொடி அரைக்கம்பத்தில், ஆபத்து என்பதற்கு அடையாளம். அவர்களிடம் விசைப்படகு இல்லை. தெற்கே டூ ரிவர்ஸ் நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். அங்கிருந்து படகு விரைந்தது. பனிப்புயலில் கப்பல் அகப்படவில்லை. ஒருவரும் பிழைக்கவில்லை.

கேப்டனின் மனைவி பார்பரா முடங்கிவிடவில்லை. மகள்களைச் சேர்த்துக்கொண்டு, கணவரின் மர வியாபாரத்தைப் பல ஆண்டுகள் தொடர்ந்தார். 1924-ல் மீனவர் வலை ஒன்றில் கேப்டனின் பணப்பை சிக்கியது. எண்ணெய்த் துணியில் சுற்றப்பட்டிருந்ததால் உள்ளே இருந்த காகிதங்கள் கெடவில்லை. 1971-ல்தான் முக்குளிப்பவர் ஒருவர் கப்பலையே கண்டுபிடித்தார். சரக்கறையில் மரங்கள் அப்படியே அடுக்கப்பட்டிருந்தன.

குளிர்ந்த நன்னீர் செய்த காவல் அது. மரத்தைத் துளைக்கும் கடற்புழு இங்கு இல்லை. ஆனால் இப்போது வேறொரு எதிரி: உக்ரைன் பகுதியின் குவாகா சிப்பி. வெளிநாட்டுக் கப்பல்கள் சமநிலைக்காகச் சுமந்துவந்த நீரில் ஏரிக்குள் புகுந்து, மூழ்கிய கப்பல்கள்மேல் மூடிப் படிகிறது. இந்தக் கடற்கரைப் பகுதி 2021-ல் தேசிய நீர்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. மனிதர் கையிலிருந்து கப்பலைக் காக்கச் சட்டம் உண்டு. சிப்பிக்குச் சட்டம் தெரியாது.

பார்பரா 1933-ல் காலமானார். சிகாகோவில் அவருடைய கல்லறைக் கல்லில் கணவர் பெயரும் இருக்கிறது. கூடவே ஒரு கிறிஸ்துமஸ் மரம். கேப்டன் மட்டும் அங்கே இல்லை. அவர் உடலை ஏரி திருப்பித் தரவேயில்லை.