அத்தம் தொடங்கிப் பத்து நாள்

அத்தம் பிறந்துவிட்டால் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் நோக்கிப் போகும் அந்தத் தெரு, ராஜா கேசவதாஸ் திவானாக இருந்த 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவானது. ஓணத்துக்கு முந்தைய பத்து நாளும் அதன் இரண்டு ஓரங்களிலும் கிரேந்தி, வாடாமல்லி, கோழிக்கொண்டை எல்லாம் சாக்குச் சாக்காக வந்து இறங்கும். தமிழ்நாட்டுத் தோவாளையிலிருந்து வரும் வண்டிகள் விடியும் முன்பே சேர்ந்துவிடும். 1956 நவம்பர் 1 வரை தோவாளையும் திருவனந்தபுரமும் ஒரே மாநிலத்தில் இருந்தவை. எல்லை மாறிய பிறகும் பூ வரும் வழி மாறவில்லை. வீட்டு முற்றத்தில் பூக்களம் போடுகிறவர்களுக்குக் கால் கிலோ, அரைக் கிலோ போதும். கல்லூரிகளும் வங்கிகளும் கழக்கூட்டம் டெக்னோபார்க் கம்பெனிகளும் பூக்களப் போட்டிக்கு வாங்கும்போது ஆர்டர் பல கிலோவாக, நிறம் பிரித்து, இத்தனை மணிக்கு வேண்டும் என்று வரும். திருவோணம் கழிந்த மறுநாளே தெரு பழைய நடைக்குத் திரும்பிவிடும்.

அந்தக் கடைகளில் ஒன்றை நடத்தும் அண்ணாச்சி நாகர்கோவில் பக்கத்துக்காரர். "தம்பி, போனை எடுப்பனா, தராசைப் பிடிப்பனா?" என்று ஒரு ஓணம் முடிந்த கையோடு கேட்டார். வாட்ஸ்அப்பில் வரும் ஆர்டரை நோட்டில் எழுதி, நோட்டிலிருந்து பையனுக்குச் சொல்லி, அவன் வேறு நிறத்தை நிறுத்துக் கட்டி, வாங்க வந்தவர் முகம் சுளிப்பது அங்கே தினசரி நடப்பதுதான். பத்து நாள் வியாபாரத்தில் இந்த நஷ்டம் சின்னதல்ல. அவருக்காக ஒரு சிறிய வெப் ஆப் எழுதினேன். இன்றைய விலை, இருப்பு, ஆர்டர் என்று அதில் மூன்றே பக்கங்கள். எழுதுவது எளிதாகவே இருந்தது. எங்கே ஓட வைப்பது என்பதுதான் யோசிக்க வேண்டியதாயிற்று.

பழைய வழி என்றால் மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுக்க வேண்டும். திருவோணத்துக்கு முந்தின உத்திராடத்து நெரிசலைத் தாங்கும் அளவுக்கு அது பெரியதாக இருக்க வேண்டும். மீதி நாளெல்லாம் அது சும்மா கிடக்கும். அதற்கு லினக்ஸ் அப்டேட் போடவும், டிஸ்க் நிரம்பியதா என்று பார்க்கவும் யாராவது வேண்டும். பூக்கடையில் அதற்கு ஆள் கிடையாது. சர்வர்லெஸ் கிளஸ்டர் என்கிற ஏற்பாடு இந்த இடத்தில்தான் கைகொடுக்கிறது. சர்வர் எங்கோ இருக்கத்தான் செய்கிறது. அதை வாங்குவது, பூட்டுவது, பழுது பார்ப்பது எல்லாம் வேறொருவர் பொறுப்பு. ஆப்பை ஒரு கன்டெய்னராகக் கட்டிக் கொடுத்து, "இத்தனை சிபியு, இத்தனை மெமரி, இதில் இரண்டு எப்போதும் ஓடட்டும்" என்று எழுதிக் கொடுத்தால் போதும். இப்படிப்பட்ட சேவையாக அமேசான் 2017 நவம்பரில் ஃபார்கேட்டை அறிவித்தது. கூகுளின் கிளவுட் ரன் 2019 ஏப்ரலில் வந்தது. ஃபார்கேட்டில் கால் சிபியு, அரை ஜிபி மெமரி என்பது எடுக்கக்கூடிய மிகச் சிறிய அளவு. அண்ணாச்சி கடைக்கு அது தாராளம்.

கன்டெய்னர் என்று சொன்னதும் அண்ணாச்சிக்கு நினைவு வந்தது விழிஞ்ஞம் துறைமுகம். 2024 ஜூலையில் சான் ஃபெர்னாண்டோ கப்பல் அங்கே வந்ததிலிருந்து ஊரில் எல்லோருக்கும் அந்தப் பெட்டிகள் பழக்கம். அவர் நினைத்தது சரியான இடம்தான். 1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீன் 58 பெட்டிகளை ஐடியல் எக்ஸ் கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். உள்ளே என்ன சரக்கு என்று கிரேன் ஓட்டுகிறவர் கவலைப்பட வேண்டாம். பெட்டியின் அளவும் மூலைப் பிடிகளும் எங்கும் ஒன்றாக இருந்தால் போதும். மென்பொருளுக்கு இதே ஒழுங்கைக் கொண்டுவந்து எல்லோர் கையிலும் கொடுத்தது டாக்கர். 2013 மார்ச்சில் பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் சில நிமிடங்களில் அதைக் காட்டினார். அடியில் இருந்தது லினக்ஸ் கெர்னலில் ஏற்கனவே இருந்த வசதி: ஒரு புரோகிராமின் கண்ணுக்கு மற்றவற்றை மறைப்பது, அது தின்னும் மெமரிக்கும் சிபியுவுக்கும் வரம்பு கட்டுவது. அந்த வரம்பு கட்டும் வேலையை 2006-இல் தொடங்கியவர்கள் கூகுள் பொறியாளர்கள். 2008-இல் அது கெர்னலுக்குள் வந்தது. யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைக்கப்பட்ட கெர்னல் இல்லாவிட்டால் இதெல்லாம் ஒரு பூக்கடை வரை வந்திருக்காது. இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001 ஜூலையில் தொடங்கியது இதே திருவனந்தபுரத்தில்தான் என்பதில் எனக்கு உண்மையாகவே பெருமை உண்டு.

கட்டும் வேலை பார்க்கச் சின்னது. டாக்கர்ஃபைலில் எந்த பைத்தான், எந்தெந்த லைப்ரரி, எந்தக் கோப்பு, எந்தக் கட்டளை என்று பத்துப் பன்னிரண்டு வரி. அதிலிருந்து ஒரு இமேஜ் உருவாகும். அதை ரெஜிஸ்ட்ரியில் ஏற்றி, கிளஸ்டரில் எதை ஓட்டுவது என்று டாஸ்க், எத்தனை ஓட்டுவது என்று சர்வீஸ் என இரண்டு விவரங்கள் நிரப்பி, போர்ட் திறந்துவிட்டால் ஆப் ஓட வேண்டும். பயிற்சிப் பாடங்கள் இந்த இடத்தோடு கைகழுவிவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு வருவது. நம் லேப்டாப்பில் புரோகிராம் எதையெல்லாம் கேட்காமலே தனதென்று எடுத்துக்கொண்டிருந்தது என்பதைக் கிளஸ்டர் ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போடும்.

முதலில் சிப். ஆப்பிள் எம் வரிசை மேக்கில் கட்டிய இமேஜ் ஏஆர்எம் கட்டமைப்புக்கு உரியது. கிளஸ்டர் எக்ஸ்86-இல் ஓடினால், கன்டெய்னர் ஏறிய நொடியே வடிவம் பொருந்தவில்லை என்று ஒற்றை வரி எழுதிவிட்டு இறங்கிவிடும். கட்டும்போதே எந்தச் சிப்புக்கு என்று சொல்லிவிட வேண்டும். அடுத்தது முகவரி. பைத்தானில் வெப் ஆப் எழுத உதவும் ஃபிளாஸ்க்கின் சோதனை சர்வர் 127.0.0.1-இல் மட்டும் காது கொடுக்கும். கன்டெய்னருக்குள் அப்படி விட்டால் உள்ளே பேச்சு நடக்கும், வெளியே ஒருவருக்கும் கேட்காது. 0.0.0.0 என்று மாற்றினால் தீர்ந்தது. இவை அரை மணி நேரத்து வேலைகள்.

கோப்பு விஷயம் அப்படியல்ல. ஆர்டர்களை ஆப்பின் பக்கத்திலேயே ஒரு சின்ன டேட்டாபேஸ் கோப்பில் வைப்பது லேப்டாப்பில் இயல்பாகத் தோன்றும். கன்டெய்னருக்குள் எழுதியது கன்டெய்னரோடு போய்விடும். ஃபார்கேட் ஒரு டாஸ்க்குக்குக் கொடுக்கும் 20 ஜிபி இடமும் தற்காலிகமானதுதான். இரண்டு கன்டெய்னர் ஓடினால் ஒன்றில் பதிந்த ஆர்டர் இன்னொன்றுக்குத் தெரியாது. எனவே நினைவில் நிற்க வேண்டிய எல்லாமே வெளியே உள்ள டேட்டாபேஸுக்குப் போனது. ஆப்பிடம் மிச்சமிருந்தது வேலை செய்யத் தெரிந்த கை மட்டும். கன்டெய்னரை நிறுத்தும்போது கிளஸ்டர் ஒரு சிக்னல் கொடுத்துவிட்டு, மாற்றிச் சொல்லாவிட்டால் 30 விநாடி காத்திருக்கும். அதற்குள் கையிலுள்ள ஆர்டரைப் பதிந்து முடித்துவிட வேண்டும். முடிக்காவிட்டால் அப்படியே நிறுத்திவிடும். யாரோ ஒருவர் இருபது கிலோ வாடாமல்லி கேட்டுப் பட்டனை அழுத்திய நொடியாகவும் அது இருக்கலாம். இந்த 30 விநாடியைப் பற்றி யோசிக்காமல் ஆப்பை ஏற்றுவது சரியல்ல.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது நேரம். கன்டெய்னருக்குள் கடிகாரம் பொதுவாக யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் ஓடும்; நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அதாவது இங்கே காலை 5:30 ஆகும் வரை அதற்கு நேற்றைய தேதிதான். மற்ற கடைகளுக்கு இது பெரிய தொந்தரவில்லை. பூக்கடை விழிப்பதே மூன்று மணிக்கு. லோடு இறங்கி, விலை முடிவாகி, மொத்தமாக எடுக்கிறவர்கள் எடுத்துப் போன பிறகுதான் அந்தக் கடிகாரத்துக்குப் பொழுது மாறும். கோயில் பக்கம் பத்மதீர்த்தக் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி என்ற பழைய கடிகாரம் இருக்கிறது. சுவாதித் திருநாள் காலத்தது. அதிலுள்ள தாடிக்காரர் முகமும் மணியடிக்கும்போது அவர் கன்னத்தில் வந்து முட்டும் இரண்டு ஆடுகளும் பார்த்தவர்களுக்கு மறக்காது. அந்தக் கடிகாரத்துக்கு ஊர் எது என்று தெரியும். கிளஸ்டரில் ஓடும் கன்டெய்னருக்கு நாம் சொன்னால்தான் தெரியும்.

ஆசியா/கொல்கத்தா என்று நேர மண்டலம் கொடுத்தால் முடிந்தது என்றே முதலில் தோன்றும். அண்ணாச்சியோடு பேசியபோது அதுவும் போதாது என்று விளங்கியது. ராத்திரி பதினொன்றுக்கு வரும் ஆர்டர் அவர் கணக்கில் மறுநாள் வியாபாரம். "அப்போ அடுத்த நாள் எப்போ தொடங்குது அண்ணாச்சி?" என்று கேட்டேன். "கணக்கு முடிச்சுக் கல்லாவைப் பூட்டினா அடுத்த நாளு" என்றார். ஒருநாள் அது எட்டு மணி, இன்னொரு நாள் பத்தரை. எந்த நேர மண்டலமும் இதைச் சொல்லாது. ஆகவே "இன்றைய கணக்கு முடிந்தது" என்று ஒரு பட்டன் வைத்தோம். அவர் அழுத்தினால் ஆப்புக்கு நாள் மாறும். டேட்டாபேஸில் நேரம் யுடிசியிலேயே பதியும், திரையில் நம் நேரம் காட்டும், வியாபார நாள் மட்டும் அவர் கையில் இருக்கும்.

அரளி விஷயத்திலும் அவர்தான் வழிகாட்டி. 2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு நிவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளி வேண்டாம் என்று முடிவெடுத்தது. கோயில்களுக்குப் பூ கொடுக்கிறவர்களின் பட்டியல் ஒரு பொழுதில் மாறிப்போனது. அதை நினைவூட்டி, "பூப் பேரை நானே எடுக்கவும் சேர்க்கவும் முடியணும்" என்றார். பூ வகைகளை இமேஜுக்குள் எழுதி வைத்திருந்தால், ஒரு பெயரை நீக்கவும் புதிதாகக் கட்டி ஏற்ற வேண்டியிருக்கும். எது பெட்டிக்குள் போக வேண்டும், எது வெளியே நிற்க வேண்டும் என்ற பிரிவை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஒரு பூ வியாபாரி சொன்ன காரணம் அதைவிடத் தெளிவு.

செலவைப் பற்றி நேராகச் சொல்லிவிட வேண்டும். ஓடிய நேரத்துக்கு மட்டும் காசு என்பது ஃபார்கேட்டில் உண்மைதான், விநாடிக் கணக்கில் போடுவார்கள். ஆனால் சர்வீஸில் ஒரு டாஸ்க் எப்போதும் இருக்கட்டும் என்று எழுதினால், யாரும் வராத மதியத்திலும் அது ஓடும், காசும் ஓடும். வருகிறவர்களைக் கன்டெய்னர்களுக்குப் பங்கிட்டு அனுப்ப முன்னால் நிற்கும் லோடு பேலன்சருக்கு மணிக்கணக்கில் தனி வாடகை. 2024 பிப்ரவரியிலிருந்து அமேசானில் பொது ஐபி முகவரிக்கும் தனிக் கட்டணம். சின்ன ஆப்புக்கு, உள்ளே வேலை செய்யும் கன்டெய்னரைவிட வாசலில் நிற்பவற்றின் செலவே கூடிப்போகும். ஆளில்லாதபோது முழுதாக அணைந்து, முதல் ஆள் வந்ததும் எழுந்து நிற்கும் வகை, வருடத்தில் பெரும்பகுதி அமைதியாக இருக்கும் கடைக்குப் பொருத்தம். எழுந்திருக்க எடுக்கும் சில விநாடிகளைப் பங்குனி மாதத்து வாடிக்கையாளர் பொறுத்துக்கொள்வார். இரண்டையும் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தொழில்நுட்பம் பிடித்துப்போன உற்சாகத்தில், தான் கட்டப்போகும் பில்லை அறியாத ஒரு கடைக்காரர் தலையில் மாதச் செலவைக் கட்டுவது நியாயமில்லை. ஓணம் அடங்கும் வரை ஃபார்கேட், அதன் பிறகு அணைந்து எழும் வகை என்று நாங்கள் தீர்மானித்தோம். இமேஜ் ஒன்றுதான் என்பதால் இடம் மாற்றுவதில் வில்லங்கம் இல்லை.

கடைசி இரண்டு நாளுக்கு மட்டும் தானாகப் பெருகும் வசதியை நம்பவில்லை. கூட்டம் கூடியதை அளந்து, புதிய டாஸ்க்கை எழுப்பி, இமேஜை இறக்கி, அது பதில் சொல்லத் தொடங்குவதற்குள் நேரம் போய்விடும். உத்திராடப் பாச்சில் என்று இங்கே சொல்லும் அந்தக் கடைசி நாள் ஓட்டத்தில் யாரும் நிமிடக்கணக்கில் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டார்கள். பூராடம் ராத்திரியே குறைந்தபட்ச எண்ணிக்கையை நான்காக ஏற்றி வைத்தோம். மறுநாள் அதிகாலை லோடு வருவதற்குள் நான்கும் பச்சை காட்டின. திருவோணத்தன்று மத்தியானம் மீண்டும் ஒன்றாக்கினோம்.

"ஆயுத பூசைக்கும் இதையே ஏத்திக்கிடலாம்லா?" என்றார் அண்ணாச்சி.

ஏற்றலாம். அதற்குக் கிரேந்தியைவிடச் சிவந்தி அதிகம் கேட்பார்கள். பட்டியலை அவரே மாற்றிக்கொள்வார். என் பங்குக்கு எண்ணிக்கையை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.