புராஜெக்ட் எங்கிருந்து வந்தது?

எட்டாம் வகுப்பில் ஆங்கிலத்துக்கு நான் செய்து கொடுத்த புராஜெக்டுகளில் பாதி செஞ்சிக் கடைவீதியில் தயாரானவை. சார்ட் பேப்பர், ஜிகினா, பிரவுசிங் சென்டரில் எடுத்த கலர் பிரிண்ட். ஷேக்ஸ்பியர் என்றால் அவர் படம், மழைநீர் என்றால் தெர்மாகோல் வீடு. கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும்போதுதான் இந்தச் சடங்கை யார் ஆரம்பித்து வைத்தார்கள் என்று தேடத் தோன்றியது.

முதலில் அக்காவைக் கேட்டேன். அவள் டீச்சர். “சி.சி.இ. வந்துச்சுல்லடா, அதுலேர்ந்துதான்” என்றாள். 2012-13இல் தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. பருவத் தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40. அந்த நாற்பதில் 20 செயல்பாடுகளுக்கு. எங்கள் ஜிகினா எல்லாம் அந்த இருபதுக்காக ஒட்டியதுதான். அதற்கு முன்பே, 2003 வாக்கில், ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையைப் பார்த்துச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் பின்னால் போனால் அமெரிக்கா. நியூயார்க்கில் ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்திய வில்லியம் கில்பாட்ரிக் 1918இல் எழுதிய கட்டுரைதான் புராஜெக்ட் முறையை உலகம் முழுக்கப் பரப்பியது. பிள்ளை தானே ஆசைப்பட்டு, முழு மனதோடு இறங்கிச் செய்கிற வேலைதான் படிப்பு என்பது அவர் கட்சி. ஆசையா? எங்களுக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்ற பயம்தான்.

ஆனால் ஒரு புராஜெக்டை மட்டும் அந்தக் கடைவீதிக் கணக்கில் சேர்க்க முடியவில்லை. ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு துண்டுப் பிரசுரம் எழுதச் சொன்னார்கள். செஞ்சிக் கோட்டையை எல்லோரும் எடுத்துக்கொண்டதால் நான் பெரியம்மா ஊரான தளவானூரை எடுத்தேன். கடையில் அதற்குப் படம் இல்லை. போய்ப் பார்த்து வரைந்தாக வேண்டும்.

அங்கே இருப்பது முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் குடைவித்த சத்ருமல்லேஸ்வரம் என்ற கோயில். பாறை முகப்பு தெற்கே பார்த்திருக்கிறது. இரண்டு பக்கமும் துவாரபாலகர்கள். தூண்களுக்கு மேலே மகர தோரணம். வளைந்த கூரை விளிம்பான கபோதத்தில் உள்ள கூடுகள் ஒவ்வொன்றுக்குள்ளிருந்தும் ஒரு முகம் எட்டிப் பார்க்கும். நேரே உள்ளே போனால் வெறும் சுவர். இடது பக்கம் திரும்பினால்தான், கிழக்கு பார்த்தபடி கருவறை! முகப்பை மட்டும் வரைந்தால் கோயில் எங்கே இருக்கிறது என்றே படிப்பவருக்குத் தெரியாது. அந்தத் திருப்பத்தை ஆங்கிலத்தில் எழுத நான் பட்ட பாடு ஷேக்ஸ்பியருக்குக்கூடப் பட்டதில்லை.

அங்கே ஒரு வடமொழிக் கல்வெட்டும் தமிழ் வெண்பா ஒன்றும் உண்டு. தொண்டை மாலை சூடிய அரசன் அரனுக்கு இந்த இடத்தைச் சமைத்தான் என்கிறது வெண்பா. பாடியவர் பெயரும் கூடவே இருக்கிறது: பிரம்மமங்கலத்துச் செல்லன் சிவதாசன். நான்கு அடிக்குள் யார், எங்கே, யாருக்காக என்று எல்லாம் அடங்கிவிடுகிறது. என் பிரசுரம் இரண்டு பக்கம் ஓடியும் அரசனின் பட்டப்பெயர்களைத் தாண்டவில்லை.

அரசனும் எழுத்தாளன்தான் என்பது பிறகு தெரிந்தது. ‘மத்தவிலாசப் பிரகசனம்’ அவன் எழுதிய அங்கத நாடகம். காஞ்சிபுரத்தில் ஒரு காபாலிகன் குடிபோதையில் தன் பிச்சைப் பாத்திரமான கபாலத்தைத் தொலைத்துவிட்டு ஒரு பௌத்த பிட்சுவைத் திருடன் என்கிறான். உண்மையில் அதை, உள்ளே கிடந்த இறைச்சிக்காக, நாய் தூக்கிப் போயிருக்கிறது. இதைப் பத்தாம் வகுப்பில் ஆங்கில ஸ்கிட்டாக மாற்றினோம். கபாலத்துக்குப் பதில் டிபன் பாக்ஸ்; காஞ்சிக்குப் பதில் செஞ்சி பஸ் ஸ்டாண்டு. மதிப்பெண்ணை யாரும் கேட்கவில்லை. கில்பாட்ரிக் சொன்னது அன்றைக்குத்தான் எங்கள் வகுப்புக்கு வந்து சேர்ந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். அவளும் இப்போது கடைப் படங்களை வாங்குவதில்லை. வீட்டில் ஒரு பெரியவரிடம் ஏதாவது கேட்டு நாலு வரி எழுதி வாருங்கள் என்கிறாள். பாதிப் பேர் அதையும் அப்பாவிடம் எழுதி வாங்கி வந்துவிடுகிறார்களாம்.