சராசரிக்குக் குறைவா என் பேத்தி?

பிரசவத்துக்கு வந்த என் பெண் ஐந்து மாதக் குழந்தையுடன் என்னிடம்தான் இருக்கிறாள். பேத்தி பிறந்தபோது 2 கிலோ 900 கிராம். தாய்ப்பால் மட்டும்தான் கொடுத்து வந்தாள். குழந்தையும் சிரிப்பும் விளையாட்டுமாக இருந்தது.

ஒருநாள் மாலை எதிர்வீட்டு அம்மாள் ஒரு துண்டுக் காகிதத்துடன் வந்தார். எங்கள் தெருவில் ஐந்து மாதக் குழந்தைகள் ஐந்து பேர். எல்லோருடைய எடையையும் கேட்டு எழுதி வைத்திருந்தார்.

"கூட்டி வகுத்துப் பார்த்தேன். சராசரி 7 கிலோ 100 கிராம் வருது. உங்க பேத்தி 6 கிலோ 400 தானே? பால் போதலைன்னு நினைக்கிறேன். டப்பாப் பால் ஆரம்பிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் பெண் அன்றிரவு சாப்பிடவே இல்லை. "எனக்குப் பால் போதலையாம்மா?" என்று அழுதாள். காலையில் டப்பாப் பால் வாங்கக் கடைக்குக் கிளம்பிவிட்டாள்!

எனக்கு நெஞ்சு திக்கென்றது. இதே பெண் கைக்குழந்தையாக இருந்தபோது, நாலு பேர் பேச்சைக் கேட்டு நாலாம் மாதத்திலேயே தாய்ப்பாலை நிறுத்தியவள் நான். அந்த வருத்தம் இன்றும் மனசில் இருக்கிறது.

"கொஞ்சம் இரு" என்று அவளை உட்கார வைத்து, அந்தக் காகிதத்தை எடுத்தேன். 6.2, 6.4, 6.7, 6.9, 9.3. கடைசி எடை யாருடையது தெரியுமோ? எதிர்வீட்டு அம்மாளின் கொழுகொழு பேரனுடையது!

கூட்டினால் 35.5. ஐந்தால் வகுத்தால் 7.1. கணக்கில் தப்பில்லை. ஆனால் ஐந்தில் நாலு குழந்தைகள் அந்தச் சராசரிக்குக் கீழே! ஒரே ஒரு குண்டுப் பயல் எல்லோருடைய சராசரியையும் மேலே தூக்கிவிட்டான். பள்ளியில் படித்த 'இடைநிலை அளவு' ஞாபகம் வந்தது. எடைகளை வரிசையாக எழுதி நடுவில் இருப்பதை எடுப்பது. அது 6.7. எங்கள் குட்டி அதற்கு 300 கிராம்தான் குறைவு.

இருந்தாலும் என் கணக்கை மட்டும் நம்பாமல் டாக்டரம்மாவிடம் போனோம். அவர் வளர்ச்சி அட்டையைக் காட்டினார். இந்தியா உட்பட ஆறு நாட்டுக் குழந்தைகளை அளந்து, உலக சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட கணக்காம். ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டை. ஐந்து மாதப் பெண் குழந்தைக்கு நடுக்கோடு 6.9 கிலோ.

"நடுக்கோடு என்பது பாஸ் மார்க் இல்லை. ஆரோக்கியமான குழந்தைகளிலேயே பாதிப் பேர் அதற்குக் கீழேதான் இருப்பார்கள். 5.4 கிலோவுக்கும் கீழே போனால்தான் எடைக்குறைவு. மாதாமாதம் எடை ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாமல் நின்றாலோ, இறங்கினாலோ உடனே வாருங்கள்" என்றார். ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பாலே போதும் என்றும் சொன்னார். என் பெண்ணின் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

சராசரியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, சகோதரிகளே! பால் கணக்குக்கு அதுதான் சரி. விருந்தாளி வந்தால் மூன்று லிட்டர், மற்ற நாளில் ஒரு லிட்டர் என்றாலும், பணம் மொத்தமாகத்தானே போகிறது? மொத்தத்தை நாட்களால் வகுத்து வைத்துக்கொண்டால் அடுத்த மாதத்துக்குப் பணம் எடுத்து வைக்கலாம்.

இவளுடைய வளைகாப்புக்கு வளையல் வாங்கியது வேறு கணக்கு. இரண்டு-நாலு, இரண்டு-ஆறு, இரண்டு-எட்டு என்று அளவுகளைக் கூட்டி வகுத்தால், யார் கையிலும் சேராத வளையல்கூட மிஞ்சலாம்! அங்கே அதிகம் பேர் போடும் அளவைத்தான் நிறைய வாங்க வேண்டும். நான் இரண்டு-ஆறுதான் அதிகம் வாங்கினேன்.

ஆகவே யாராவது "சராசரி இவ்வளவு" என்றால், கண் கலங்குவதற்கு முன் "எல்லா எடையையும் வரிசையாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நடுவே ஒரு குண்டுப் பயல் உட்கார்ந்திருக்கிறானா என்று பாருங்கள்.

எதிர்வீட்டு அம்மாளிடம் எனக்குக் கோபமில்லை. மறுநாளே அந்தப் பேரனைத் தூக்கிக் கொஞ்சினேன். அப்பப்பா, இடுப்பு ஒடிந்துவிட்டது!